பெரிய அண்டா ஊறிய நாள்

கப்ரியாம், கப்ரி! சொர்ணம்மாளைப் போய் அப்படிச் சொல்ல எப்படித்தான் வாய் வருகிறதோ. போலீசுக்குத் துப்புச் சொல்லிப் பிழைக்கிறவர்களை பம்பாயில் கப்ரி என்பார்கள். இவள் யாரைக் காட்டிக்கொடுத்தாள்? எந்த வீட்டு ஆணின் கையில் இவளால் விலங்கு விழுந்தது? ஒரே ஒரு பெயரைச் சொல்லட்டும், அத்தோடு பேச்சை விட்டுவிடலாம். சொல்லமாட்டார்கள். சொல்ல ஒன்றும் கிடையாது. ஆனால் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு, "போலீசு வரப்போறது அவளுக்கு மட்டும் எப்பிடிட்டி முந்துன நாளே தெரியுது?" என்று கேட்க மட்டும் தெரியும்.

இதென்ன பெரிய மாயமா? காலண்டரைப் பார்த்தால் தெரிந்துபோகிறது.

தாராவியில் தொண்ணூறடி ரோட்டிலிருந்து பிரியும் சந்து ஒன்றின் வாயில்தான் சொர்ணம்மாளின் இட்லிக் கடை. கடை என்றால் கூரையோ பலகையோ தேடவேண்டாம். ஒரு மேசை, ஒரு அடுப்பு, ஒரு வாளிச் சாம்பார். புருஷன் பேச்சிராஜா தோல் பட்டறையில் வேலை பார்த்தவன். மகள் மாரிசெல்வி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதே காய்ச்சலில் போய்விட்டான். மறு மாதமே சொர்ணம்மாள் அடுப்பை வெளியே தூக்கி வைத்துவிட்டாள். அழுதது போதும் என்று யாராவது சொல்லட்டும் எனக் காத்திருக்கவில்லை.

சாதாரண நாளில் அவள் வாசலில் சின்னக் குண்டானில் அரிசி ஊறும். வருடத்தில் சில நாட்களுக்கு மட்டும் முந்தின நாளே பெரிய அண்டா வெளியே வரும். எந்த நாட்கள்? மசூதியை இடித்த டிசம்பர் ஆறு. அதன் பிறகு ஊர் எரிந்த ஜனவரி. குண்டுகள் வெடித்த மார்ச் பன்னிரண்டு. ரயிலில் வெடித்த ஜூலை. கடல் வழியாக வந்து சுட்டார்களே, அந்த நவம்பர் இருபத்தாறு. அந்த நாட்களிலெல்லாம் விடியுமுன்னே போலீஸ் வண்டி வந்து சந்து முக்கில் நிற்கும். பந்தோபஸ்து. கையில் லத்தி, வயிற்றில் ஒன்றும் இல்லை. நிற்கிறவனுக்குப் பசிக்காதா? சொர்ணம்மாள் மற்றவர்களைப் போல இந்த நாட்டின் சரித்திரத்தைப் படித்தவள் இல்லை, அரிசிப் படியால் அளந்தவள். எந்தத் தேதிக்கு எத்தனை படி என்று அவள் கைக்குத் தெரியும்.

சந்து அவள் காலண்டரைப் பார்க்கவில்லை, அவள் அண்டாவைப் பார்த்தது. அண்டா வாசலுக்கு வந்தால் நாளைக்குப் போலீஸ். அவ்வளவுதான், ஆளாளுக்கு வேலை ஓடும். பக்கத்து வீட்டு அப்பளக்கார மீனாட்சியம்மாள், முனிசிபல் குழாயிலிருந்து தண்ணீரை இழுக்கும் திருட்டு மோட்டாரைக் கழற்றிவிடுவாள். பெட்டிக்கடை மரியஅந்தோணி, விற்கக்கூடாத குட்கா பாக்கெட்டுகளைக் கல்லாவுக்குக் கீழிருந்து எடுத்துவிடுவார். பெரிய சிலிண்டரிலிருந்து சின்ன சிலிண்டருக்கு காஸ் பிடித்து விற்கும் ஆஷிக், அன்றைக்கு மட்டும் சைக்கிள் பஞ்சர் ஒட்டுவான். அண்டாவால் தப்பிப் பிழைத்தவர்கள் எல்லாரும் நன்றி சொல்லியிருக்க வேண்டும். சொன்னார்களா? கப்ரி என்றார்கள்!

சரி, போலீசிடம் அவள் பேசவே இல்லையா? பேசினாள். நன்றாகவே பேசினாள். வெயிலுமுத்து என்று ஒரு ஹவல்தார். அப்பா நாங்குநேரிப் பக்கம், பிறந்தது செம்பூர், படித்தது மராட்டிப் பள்ளிக்கூடம். எந்த ஸ்டேஷனில் இருந்தாலும் அந்த நாட்களில், தமிழ் தெரிந்தவர் என்று இங்கே அனுப்பிவிடுவார்கள். இட்லித் தட்டை நீட்டும்போது சொர்ணம்மாள் அவரிடம் குனிந்து குசுகுசு என்று சொல்லுவாள். அதைத்தான் மீனாட்சியம்மாள் அப்பளக்கட்டையோடு எட்டிப் பார்ப்பாள்.

"ஹவல்தாரய்யா, அந்த முக்குல செங்கல்லு குவிஞ்சு கெடக்கு. நல்ல நாளுன்னா பரவால்ல. இன்னைக்கு எவனாச்சும் கையில எடுத்தான்னா?"

மதியத்துக்குள் முனிசிபாலிட்டி லாரி வந்து கல்லை அள்ளிக்கொண்டு போனது.

அடுத்த வருடம், "வெளக்கு எரியல. இருட்டுல எவன் நின்னாலும் தெரியாது பாத்துக்கிடுங்க."

விளக்கு எரிந்தது.

அதற்கடுத்த வருடம், "பொதுக் கக்கூசு கதவுக்குத் தாப்பாளு இல்ல."

வெயிலுமுத்து மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார். "அதுக்கும் கலவரத்துக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"நீங்க ஒருநாளு உள்ள போயி உக்காந்து பாருங்க. கலவரம் வருதா இல்லையான்னு தெரியும்."

இதுதான் அவள் சொன்ன துப்பு. டிசம்பர் பிறந்தால் இந்தச் சந்துக்கு மட்டும் நல்ல காலம் பிறப்பது ஏன் என்று யாருக்காவது யோசிக்கத் தோன்றியதா? தாப்பாள் போட்ட கக்கூசுக்குள் உட்கார்ந்துகொண்டே அவளைக் கப்ரி என்றார்கள்.

அந்த ஹவல்தாருக்கும் அவளுக்கும் பழக்கம் இட்லியில் தொடங்கியதில்லை. அதற்கும் முந்தியது, அவள் இந்தச் சந்துக்குள் மணப்பெண்ணாக நுழைந்த நாளில் தொடங்கியது. தொண்ணூற்று மூன்று ஜனவரி. ஊரடங்கு. கல்யாணத்தைத் தள்ளிப்போட முடியாதா என்றால், பெண் வீட்டார் ஊரிலிருந்து வந்து இறங்கியாகிவிட்டது, திரும்பிப் போக ரயிலுக்கு வழியில்லை. ஊரடங்கைத் தளர்த்திய நேரத்தில் பிள்ளையார் கோயிலில் அவசர அவசரமாகத் தாலி ஏறியது. வீட்டு வாசலில் மாமியார் ஆரத்தித் தட்டோடு நின்று குலவையை எடுத்தாள். பாதிக்குரல்தான் வந்தது. சந்து முக்கில் நின்ற இளம் போலீஸ்காரர் ஓடிவந்து கையை ஆட்டினார்.

"சத்தம் வேண்டாம்மா. ஊரு கெடக்குற கெடப்புல, சத்தம் கேட்டா என்னவோ ஏதோன்னு கூட்டம் கூடிரும்."

மாமியார் வாயைப் பொத்திக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் குலவை இல்லாமல் பெண் வீடேறமாட்டாள். சொர்ணம்மாள் ஏறினாள், திருட்டுப் பூனை மாதிரி.

உள்ளே போனால், அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒரு பொம்பளை கைக்குழந்தையோடு ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறாள். எதிர்வீட்டுக்காரி. அவர்கள் வீட்டை முந்தின நாள் எவனோ கொளுத்திவிட்டான். பேச்சிராஜாதான் கூட்டிவந்து வைத்திருந்தான். மாமியார் புதுப்பெண்ணின் காதில் சொன்ன முதல் வார்த்தை, "யார்ட்டயும் மூச்சு விட்றாத." அந்த நேரம் பார்த்து வாசலில் அதே போலீஸ்காரர். வெளியாட்கள் யாரும் இருக்கிறார்களா என்று வீடு வீடாகக் கேட்டு வருகிறார். குழந்தை வீல் என்று கத்திவிட்டது.

"யாரு புள்ள அது?"

சொர்ணம்மாள் குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"என்னுது."

கழுத்தில் மஞ்சள் ஈரம்கூடக் காயாத தாலி. நெற்றியில் பட்டம் கட்டிய அடையாளம். வெயிலுமுத்து தாலியைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். "நல்லாருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

அந்தக் குழந்தைதான் ஆஷிக். அவன் அம்மா பிறகு கோவண்டிக்குப் போய்விட்டாள். அவன் மட்டும் வளர்ந்து கடை போட இந்தச் சந்துக்கே திரும்பி வந்தான். சொர்ணம்மாளைப் பெரியம்மா என்பான். ஏன் என்று யாரிடமும் சொல்லமாட்டான். அவளும் சொன்னதில்லை. இப்பேர்ப்பட்ட வாயையா கப்ரி வாய் என்றார்கள்?

பல வருடம் கழித்து ஒரு டிசம்பரில் இட்லிக்குக் கை நீட்டிய ஹவல்தாரின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் பட்டென்று நினைவு வந்தது. "எங் கொலவைய முழுங்குன ஆளு நீங்கதான?" என்றாள். அவருக்குப் புரை ஏறிவிட்டது. தண்ணீர் குடித்து முடித்ததும் கேட்டார்: "ஒங்க புள்ள எப்பிடி இருக்கான்?" சைக்கிள் டியூபை வாளித் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்த ஆஷிக்கைக் கண்ணால் காட்டினாள். அன்றிலிருந்து வருடா வருடம் அவள் அந்தக் குலவையைக் கேட்டுக்கொண்டே இருந்தாள், அவர் பிள்ளையை விசாரித்துக்கொண்டே இருந்தார். நடுவில் அவர் மனைவி நோயில் போனாள். அந்த வருடம் சொர்ணம்மாள் குலவையைக் கேட்கவில்லை. தட்டில் ஒரு இட்லி கூட வைத்தாள்.

போன டிசம்பரில் அவர் சட்டை வேட்டியில் வந்தார். ஓய்வு பெற்றாயிற்று. மற்ற போலீஸ்காரர்கள் சாப்பிட்டுப் போகும்வரை ஓரமாக நின்றார்.

"இனிமே எனக்கு டூட்டி இல்ல சொர்ணம்மா. இங்கன வாரதுக்கு ஒரு காரணமும் இல்ல."

"அதுக்கு?"

"நீங்க ஒரு காரணம் குடுத்தா நல்லாருக்கும்."

அவள் சாம்பார் வாளியைக் கிளறிக்கொண்டே இருந்தாள். அடிப்பிடிக்கிற வரைக்கும் கிளறினாள். "ஒரு நிபந்தனை. இந்த வாசலவிட்டு நான் எறங்கும்போது கொலவை வேணும். வாங்காம நான் வரமாட்டேன்."

இவ்வளவுதான் அவள் ஆசை. நகை இல்லை, மண்டபம் இல்லை. சந்துப் பெண்கள் வாசலில் நின்று குலவை போடவேண்டும். ஆனால் கட்டிக்கொள்ளப்போவது போலீஸ்காரரை. டோம்பிவிலியில் வாழ்க்கைப்பட்டிருக்கும் மாரிசெல்வி போனிலேயே துள்ளினாள். "எம்மா, சந்துக்காரங்கட்ட மொதல்ல சொல்லும்மா!"

"சொன்னா? பாத்தியா, அன்னைக்கே சொன்னோம், போலீசோட ஆளுதான்னு, அப்பிடிம்பாளுவ. ஒருத்தி வாயத் தொறக்க மாட்டா."

"அப்புறம் எப்பிடிக் கொலவை?"

"காலைல எல்லாரையும் கூப்புட்டு உக்காரவச்சு இட்லி போடுதேன். தின்னு முடிக்கும்போது சொல்லுதேன். கையில என் இட்லிய வச்சுக்கிட்டு எவளும் என்னைய ஏச மாட்டா."

நல்ல யோசனைதான். ஒன்றே ஒன்றை மறந்துபோனாள். வைகாசி மாதத்துச் சனிக்கிழமை காலையில் சந்துக்கே விருந்து வைக்கிற அளவுக்கு அரிசியைக் கொட்டி, பெரிய அண்டாவைத் தூக்கி வாசலில் வைத்தாள்.

சந்து அப்படியே நின்றுபோயிற்று.

"இன்னைக்கு என்ன தேதி?" என்றாள் மீனாட்சியம்மாள். டிசம்பர் இல்லை, மார்ச் இல்லை. "மே மாசத்துல எங்கட்டி குண்டு வெடிச்சுது?"

மரியஅந்தோணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனைத் தடவினார். அதில் வரலாற்றில் இன்று, நாளை என்று எல்லாத் தேதிக்கும் ஒரு பட்டியல் இருக்கிறதாமே. "நாளைக்குத் தேதியில எங்கயோ ஒரு ராசாவ சுட்டிருக்கான். இன்னொரு நாட்டுல ஆட்சியப் புடிச்சிருக்கான். அப்புறம்..." குரலைத் தாழ்த்தினார். "ஒரு ஒளவாளியத் தூக்குல போட்டிருக்கான்."

"ஒளவாளின்னா?"

"கப்ரிதான். பெரிய கப்ரி."

"பாத்தியளா!" என்று மீனாட்சியம்மாள் கையைத் தட்டினாள். "கப்ரி நாளு! இவளுக்குத் தெரியாமயா அண்டாவ வச்சிருக்கா?"

எந்தத் தேதியைத் தொட்டாலும் உலகத்தில் எங்கேயாவது ஒருவன் இன்னொருவனைச் சுட்டிருக்கிறான். அதற்காக தாராவிக்குப் போலீஸ் வருமா? யோசிக்க யாருக்கும் நேரமில்லை. டிசம்பர் என்றால் பழகிய பந்தோபஸ்து. இது பேர் தெரியாத நாள், அதனால் பெரிய சோதனையாக இருக்கும், வீட்டுக்குள் புகுந்து தேடுவார்கள் என்று பேச்சு பரவிவிட்டது. கழற்றி வைத்தால் மட்டும் போதாது, ஒளித்தாகவேண்டும். எங்கே ஒளிப்பது?

மாலையில் சொர்ணம்மாள் கிரைண்டரில் மாவாட்டிக்கொண்டிருந்தாள். மீனாட்சியம்மாள் முந்தானைக்குள் எதையோ பிள்ளை போல ஏந்திக்கொண்டு உள்ளே வந்தாள். மோட்டார்.

"ஏட்டி, இதக் கொஞ்சம் கட்டிலுக்கு அடியில வையி."

"என்னத்துக்கு?"

"ஒன் வீட்டுல எவன் தேடப்போறான்? நீதான் அவனுவ ஆளாச்சே."

சொர்ணம்மாள் கிரைண்டரை நிறுத்தினாள். "நானே காட்டிக்கொடுத்துட்டா?"

"நீயா? சீ, போட்டி! நீ அப்பிடிப்பட்டவளா?" என்று மீனாட்சியம்மாள் கோபித்துக்கொண்டாள்.

கப்ரி என்றதும் அவள் வாய்தான், இதைச் சொன்னதும் அவள் வாய்தான். சொர்ணம்மாளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மாவுக் கையோடு தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "நாளைக்கு ஒருத்தரும் வரமாட்டாவ மீனாட்சி. தூக்கிட்டுப் போ."

"அப்ப அந்த அண்டா என்னத்துக்கு?"

இப்போதே சொன்னால் நாளைக்குக் குலவை போய்விடும். அவள் முழித்த முழியே போலீஸ் வருகிறது என்று சொல்லிவிட்டது. அடுத்து மரியஅந்தோணி ஒரு சாக்கோடு வந்தார். "மாவு மூட்டதாம்மா" என்றார். மாவா அது? வீடே பாக்கு வாசனை அடித்தது. அப்புறம் ஆஷிக். சிலிண்டர்களைக் கம்பளியில் சுற்றி, காய்ச்சல்காரனைத் தாங்கிக்கொண்டு வருவது போல ஒவ்வொன்றாகக் கூட்டிவந்து படுக்கவைத்தான்.

"பெரியம்மா, ஒரே ஒரு நாளு."

"ஒன்னைய ஒளிச்சது பத்தாதுன்னு ஒன் சிலிண்டரையும் ஒளிக்கணுமால?" என்றாள் சொர்ணம்மாள். அவன் பல்லைக் காட்டினான்.

ஞாயிறு காலை. வாசல் நிறைய ஆவி. பாயை விரித்து, இலையை அடுக்கி, பச்சைப் பட்டுப்புடவை கட்டி, சொர்ணம்மாள் சந்தைப் பார்த்து நின்றாள். ஒரு கதவு திறக்கவில்லை. "இட்லி சாப்புட வாங்க!" என்றாள். ஒருத்தி ஜன்னலை இன்னும் கொஞ்சம் சாத்தினாள். தண்ணீர்ச் சத்தம் இல்லை, ரேடியோ இல்லை. ஊரடங்கு போட்ட மாதிரியே இருந்தது. அன்றைக்கும் இப்படித்தானே இந்த வாசலில் ஏறினாள். இறங்குவதும் இப்படித்தானா?

அப்போது வெயிலுமுத்து வந்தார். வெள்ளை வேட்டி, வாழையிலையில் பொதிந்த மல்லிகை. ரோட்டில் டாக்சி நிற்கிறது, செம்பூர் முருகன் கோயிலில் மாரிசெல்வியும் மருமகனும் மாலையோடு நிற்கிறார்கள். டிசம்பர் போலீஸ்காரர் சாதா உடையில் சொர்ணம்மாள் வீட்டுக்குள் நுழைவதைத்தான் சந்து பார்த்தது. இதற்குமேல் மீனாட்சியம்மாளால் பொறுக்க முடியவில்லை. கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தாள். பின்னாலேயே மரியஅந்தோணி, ஆஷிக், இன்னும் பாதிச் சந்து.

"சாப்! வோ மேரா நஹீ ஹை!" என்றாள் மீனாட்சியம்மாள், அது என்னுடையது இல்லை என்று, அவரிடம் தமிழில் பேசலாம் என்பதே மறந்துபோய் இந்தியில். ஒருவரும் ஒன்றும் கேட்பதற்கு முன்பே.

வெயிலுமுத்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். கட்டிலுக்கு அடியில் மோட்டார் எட்டிப் பார்த்தது. மூலையில் சாக்கு. கம்பளிக்குள் வரிசையாகச் சிலிண்டர்கள். முப்பது வருடப் போலீஸ் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகுமா? குரல் தானாக வந்தது.

"யாரு மோட்டாரு இது?"

மீனாட்சியம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்னுது," என்றாள் சொர்ணம்மாள்.

"சிலிண்டரு?"

"என்னுது."

அவர் சாக்கை முகர்ந்து பார்த்தார். "இந்தக் குட்கா?"

"அதுவும் என்னுதுதான். ரகசியமாப் போடுவேன்."

வெயிலுமுத்து அவளையே பார்த்தார். பிறகு ஆஷிக்கைப் பார்த்தார். "அன்னைக்கும் இதேதான் சொன்ன," என்றார். முதல் முறையாக நீங்க போய் நீ வந்தது. அடுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். "கல்யாணத்துக்குச் சீதனம் வேண்டாம்னு சொன்னேன். இவ்வளவு சேத்து வச்சிருக்கியே!"

"கல்யாணமா?" என்றது சந்து.

சொர்ணம்மாள் நிமிர்ந்து நின்று சொல்லிவிட்டாள். அண்டா போலீசுக்கு இல்லை, உங்களுக்கு. நான் இன்றைக்கு இவரைக் கட்டிக்கொண்டு போகிறேன். இந்த வாசலில் ஏறும்போது கிடைக்காத குலவை இறங்கும்போதாவது வேண்டும். போடுகிறவர்கள் போடுங்கள், போடாதவர்களும் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

கூட்டத்தில் பின்னாலிருந்து ஒருத்தி இழுத்தாள்: "தாலி அறுத்தவளுக்குக் கொலவை போடுத வழக்கம் உண்டா?"

மீனாட்சியம்மாள் திரும்பிப் பார்த்தாள். "மோட்டாரு என்னுதுன்னு போலீசுக்கு முன்னால சொல்லுத வழக்கம் மட்டும் உண்டா? எவட்டி அவ, தள்ளு!" என்றாள்.

முதலில் சாப்பாடு. பாயில் இடம் போதாமல் வாசல்படி, சைக்கிள் சீட்டு எல்லாவற்றிலும் உட்கார்ந்து தின்றார்கள். அண்டா அடிவரை காலியாயிற்று. மல்லிகையை மீனாட்சியம்மாளே அவள் தலையில் வைத்தாள். ஆஷிக்தான் கொஞ்சம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

"பெரியம்மா, நீங்க போயிட்டா போலீசு வாரது எங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"காலண்டரப் பாருல."

வெயிலுமுத்து வாசலில் நின்றுகொண்டு பெண்களைப் பார்த்துக் கைகூப்பினார். "அன்னைக்கு நான்தான் நிப்பாட்டுனேன். இன்னைக்கு நானே கேக்கேன். போடுங்கம்மா, ஊருக்கே கேக்கட்டும்."

மீனாட்சியம்மாள் தொண்டையைச் செருமிக்கொண்டு எடுத்தாள். ஒன்று, இரண்டு, பத்து நாக்குகள் சேர்ந்துகொண்டன. குலவை தகரக் கூரையில் மோதி, சந்து முக்கைத் தாண்டி, தொண்ணூறடி ரோட்டுக்குப் போயிற்று. அங்கே ஹாரன் அடித்துக்கொண்டிருந்த டாக்சிக்காரன் நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான்.

சொர்ணம்மாள் வலது காலை எடுத்து வெளியே வைத்தாள். கதவைப் பூட்டவில்லை. எப்படிப் பூட்டுவாள், ஊர்ச் சாமான் அத்தனையும் உள்ளே அல்லவா இருந்தது?